வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு செட்டிநாட்டில் மீண்டும் குடியமர்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அக்கரைக்குப் போவதும் வருவதும் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தில், கடையைப் பார்த்துக்கொள்ளப் போன ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து, சில காலம் வீட்டோடு இருந்துவிட்டு, மறுபடி கப்பலேறினார்கள். 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சிக் காடும் மலையும் கடந்து நடந்து வந்தவர்களையும், 1960களில் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபின் வெறுங்கையோடு வந்திறங்கியவர்களையும் இந்தச் சீமை ஏற்றுக்கொண்டது. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. இன்று சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்திலிருந்தும் துபாய்ப் பட்டறையிலிருந்தும் அமெரிக்க மென்பொருள் அலுவலகத்திலிருந்தும் திரும்புகிறவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். ஆகவே திரும்பி வருகிறவரைக் கண்டு ஊர் வியப்பதில்லை. இனி இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொல்கிறவரைத்தான் அது நம்பத் தயங்குகிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நீங்கள் வெளியில் இருந்த காலம் முழுவதும் ஊரில் உங்கள் இடத்தை உங்கள் பணம் நிரப்பிக்கொண்டிருந்தது. அத்தை மகள் கல்யாணத்துக்கு மொய் வந்தது, ஓடு மாற்றப் பங்குப்பணம் வந்தது, கோயில் திருவிழாவுக்கு வரி வந்தது, அப்பாவின் மருத்துவச் செலவு வந்தது, நீங்கள் வரவில்லை. வீட்டாரும் உறவினரும் நீங்கள் இல்லாமல் நடத்திக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இப்போது பணம் நின்ற இடத்தில் ஆள் வந்து நிற்கிறார். இந்த மாற்றத்துக்கு நீங்கள் பழக வேண்டியதைப் போலவே அவர்களும் பழக வேண்டியிருக்கிறது. திரும்பியவர்கள் வெயிலுக்கும் தூசிக்கும் தடுமாறுவதைவிட இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இதை எளிதாக்கும் வழிகளே.

கிளம்புவதற்கு முன்

எந்த மாதத்தில் திரும்புவது என்பதை விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒரு நிதியாண்டில் 182 நாள்கள் இங்கே இருந்தால் வருமான வரிக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் ஆகிறீர்கள். அதற்கு முந்திய நான்காண்டுகளில் மொத்தம் 365 நாள்கள் இங்கே இருந்திருந்தால், நிலையாகத் திரும்பும் ஆண்டில் 60 நாள்களே அதற்குப் போதும். ஆகவே பிப்ரவரி நடுவிலோ அதற்குப் பின்னோ வந்து சேர்கிறவர், அந்த நிதியாண்டில் இடையே விடுப்பில் வராதிருந்தால், அவ்வாண்டுக்கு வெளிநாட்டில் வசித்தவராகவே கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் ஒரு சலுகை இருக்கிறது. முந்திய பத்தாண்டுகளில் ஒன்பதாண்டுகள் வெளிநாட்டில் வசித்தவராக இருந்தவருக்கும், முந்திய ஏழாண்டுகளில் 729 நாள்களுக்கு மேல் இந்தியாவில் இராதவருக்கும், 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்' என்ற நிலை கிடைக்கும். நீண்டகாலம் வெளியே இருந்தவர்களுக்கு இது வழக்கமாக இரண்டாண்டு, சிலருக்கு மூன்றாண்டு நீடிக்கும். அக்காலத்தில், இங்கிருந்து நடத்தும் தொழில் வருமானம் நீங்கலாக, வெளிநாட்டில் ஈட்டும் வட்டிக்கும் வாடகைக்கும் இந்தியாவில் வரி இல்லை. அக்கரையில் வீடோ பங்கோ விற்க வேண்டியிருந்தால் அதற்குள் விற்றுவிடுவது நல்லது.

பிப்ரவரியில் திரும்புவதில் வரி தவிர வேறு வசதிகளும் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கு அவகாசம் இருக்கும். சித்திரை வெயில் உறைப்பதற்கு முன் உடம்பு சற்றுப் பழகிவிடும். மாசியும் பங்குனியும் திருவிழாக் காலமாதலால், காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் போன்ற இடங்களில் பாதி ஊரைத் தேடிப்போகாமலேயே பார்த்துவிடலாம்.

அங்கிருந்து கிளம்பும்போது வாங்கிவர வேண்டிய தாள்களை ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். வேலை அனுபவச் சான்று, கடைசி மூன்றாண்டுச் சம்பளச் சான்றும் வரிக் கணக்கும், பிள்ளைகளின் மாற்றுச் சான்றும் மதிப்பெண் பட்டியலும், தடுப்பூசி அட்டை, மருத்துவ அறிக்கைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் இவற்றில் ஒன்றை மின்னஞ்சல் மூலம் கேட்டுப் பெறுவது எவ்வளவு அலைச்சல் என்பதைக் கேட்டவர்களே அறிவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த வெளிநாட்டவருக்கு, முதலாளி ஐ.ஆர். 21 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து வரிக்கணக்கை முடித்துத் தர வேண்டும். அதுவரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள் என்பதால், கையில் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் பணிக்கொடைத் தொகையை வாங்காமல் விசாவை ரத்துசெய்யக் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கடனும் கடன் அட்டையும் பாக்கியின்றி முடிந்ததற்கான கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட்டுகள், அதாவது ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு, தேவை; இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதில் ஒப்பந்தம் இல்லாததால், ஒன்பதரை ஆண்டில் திரும்புகிறவர் இன்னும் சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாமா என்று யோசிப்பதில் தவறில்லை.

மருத்துவக் காப்பீட்டை வருவதற்கு முன்பே எடுக்க முடிந்தால் எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு நிறுவனங்கள் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அந்தக் காலம் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே ஓடத் தொடங்குவது நல்லது.

"எம்புட்டு நாள் லீவு?"

வந்து இறங்கிய மறுநாளே இந்தக் கேள்வி தொடங்கிவிடும். தேநீர்க் கடையில், கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில், "வாங்க அண்ணே, எப்ப வந்தீக? எம்புட்டு நாள் லீவு?" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். கேட்பவருக்கு உங்கள் வேலை போய்விட்டதா என்று துப்பறியும் நோக்கம் பெரும்பாலும் இல்லை. அது இந்தப் பக்கத்து நலம் விசாரிப்பு. இருந்தாலும் கணவர் ஒன்று, மனைவி ஒன்று, அப்பா ஒன்று என்று மூன்று விதமாகப் பதில் சொன்னால், நான்காவதாக ஒரு கதையை ஊர் தானே கட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து ஒரே வரியில் ஒரு பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள்: "இனிமே இங்கதான், அப்பா அம்மாவைப் பாத்துக்கிட்டு ஒரு தொழில் பாக்கலாம்னு வந்தாச்சு" என்பது போன்ற, உண்மைக்கு மாறில்லாத, மேற்கொண்டு கேள்விக்கு இடமளிக்காத பதில் போதும். ஆறு மாதம் நீங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கேள்வி தானாக நின்றுவிடும்.

பணம்

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, வருமான வரிச் சட்டத்தைப் போல நாள் கணக்குப் பார்ப்பதில்லை. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே உங்களை இந்தியாவில் வசிப்பவராகக் கருதுகிறது. எனவே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதைச் சாதாரணக் கணக்காக மாற்றலாம். அல்லது வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கைத் திறந்து அதற்கு மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு முதிர்வு வரை தொடரலாம். என்.ஆர்.இ. வட்டிக்குள்ள வரிவிலக்கு, நீங்கள் வசிப்பவராகிய நாளோடு முடிகிறது. வங்கி உங்களைத் தேடிவந்து கேட்காது என்பதற்காகப் பேசாமல் இருப்பது பின்னால் வட்டியோடு வரும் வினை. பங்குக் கணக்கு, பரஸ்பர நிதி, பான் விவரம் ஆகியவற்றிலும் நிலைமாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்த கணக்கையும் சொத்தையும் தொடர்ந்து வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாதாரணமாக வசிப்பவர் என்ற நிலை வந்த ஆண்டு முதல் அவற்றை வரிக்கணக்கில் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு.

சட்டத்தைவிடக் கடினமானது உறவு. முதல் மூன்று மாதத்துக்குள் கைமாற்றுக் கேட்டு வருவோர், மனை காட்ட வருவோர், கூட்டுத்தொழிலுக்கு அழைப்போர், பதிவு பெறாத சீட்டில் சேரச் சொல்வோர் எல்லோரும் வந்துபோய்விடுவார்கள். முதல் ஓராண்டில் நிலம் வாங்குவதில்லை, கடன் கொடுப்பதில்லை, எவருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, "பணம் எல்லாம் டெபாசிட்டில் போட்டாகிவிட்டது, அடுத்த வருஷம்தான் எடுக்க முடியும்" என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன் உண்மையிலேயே போட்டுவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நெருங்கிய உறவாக இருந்தால் புரோநோட்டு எழுதி வாங்குங்கள். அதற்குக் காலக்கெடு மூன்றாண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டிக்கணக்குக்குப் பேர்போன இந்தச் சீமையில் எழுத்தில்லாமல் கடன் கொடுப்பது தாராளம் என்று எவரும் எண்ணமாட்டார்கள். விவரமில்லாதவர் என்றுதான் எண்ணுவார்கள்.

வீடும் பங்கும்

பூட்டிக்கிடந்த பூர்வீக வீட்டைத் திறப்பதுதான் திரும்பியவர்கள் பலருக்கு முதல் பெரிய வேலை. முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகிடக்கும் வீட்டில், பார்வையை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். முதலில் நாட்டு ஓடு, குறிப்பாக வளவு முற்றத்தை நோக்கிச் சரியும் ஓடுகளும் அவற்றின் அடியில் மழைநீரைக் கொண்டுபோகும் தகரமும். அந்தத் தகரம் ஓட்டை விழுந்தால் நீர் நேரே தூணடிக்கும் சுவருக்கும் போகும். அடுத்து உத்தரங்களையும் நிலைகளையும் தட்டிப் பாருங்கள். பர்மாத் தேக்கில் கரையான் எளிதில் ஏறாது, ஆனால் பின்னால் மராமத்தில் சேர்த்த மட்டமான சட்டங்களில் ஏறும், ஓசை பொத்தென்று கேட்கும். வௌவால் எச்சமும் புறா எச்சமும் அப்பியிருக்கும் தளத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நீர் தெளித்து அள்ளுங்கள். மின்கம்பிகளைத் தேர்ந்த ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே குளிர்சாதனப் பெட்டியை மாட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ட் பொருள்கள் இங்குள்ள 230 வோல்ட்டில் நேராகப் பொருத்தினால் கருகிவிடும்.

சுவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய செட்டிநாட்டு வீட்டின் வழவழப்பான வெள்ளைச் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் அந்தப் பூச்சின்மேல் சிமெண்டையோ நவீன வண்ணத்தையோ அப்பினால், ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்காலத்துக்குள் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை சும்மா விட்டுவைப்பது மேல். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை அமிலம் ஊற்றித் துலக்கச் சொல்வார்கள்; அமிலம் பட்டால் மேலுள்ள வண்ணச் சிமெண்டு அரிக்கப்பட்டு நிறம் போய்விடும். தண்ணீரால் துடைத்து, மனிதர் நடமாடினாலே அதற்குப் பளபளப்பு ஏறும்.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வீடு யாருடையது? பெரிய வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளின் பொதுச் சொத்து. உங்கள் பாட்டனார் கட்டியது என்பதால், உங்கள் பணத்தில் கழிப்பறை கட்டி, ஓடு மாற்றி, வண்ணமும் அடித்தால், அது எல்லாப் பங்குக்கும் சேர்ந்த மராமத்து. கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் திரும்பக் கேட்க வழியில்லை. அதுமட்டுமன்று, சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகள், நீங்கள் வீட்டைக் கைப்பற்றிக்கொள்வதாக ஐயப்படவும் கூடும். ஆகவே முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நீங்கள் வெளியே இருந்த ஆண்டுகள் முழுவதையும் சேர்த்துக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, காலமானவர் பெயரிலேயே நிற்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். தேவையானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலானவற்றை இ-சேவை மையத்தில் தொடங்கலாம். பெண் மக்களுக்கும் பங்கு உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளாமல் பேச்சுவார்த்தைக்கு உட்காராதீர்கள். தமிழ்நாடு 1989இலேயே, அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்தது; 2005இல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண் மக்களுக்கும் அதை விரிவாக்கியது. எல்லாம் தெளிவான பின், எந்தப் பகுதியில் யார் குடியிருப்பது, மராமத்துச் செலவு எப்படி, வீட்டு வரி யார் கட்டுவது என்பதை ஒரு தாளில் எழுதிப் பங்காளிகள் எல்லோரிடமும் ஒப்பம் பெறுங்கள்.

வெளியே இருந்தபோது தம்பிக்கோ மைத்துனருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதைப் பதிவலுவலகத்தில் முறைப்படி ரத்துசெய்து, வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் செய்தால் மனத்தாங்கல் வரும். "நீ இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டாய், இனி அலைச்சல் உனக்கு வேண்டாம்" என்று நேரில் சொல்லி, அவர் செய்த செலவுக் கணக்கை வாங்கி அன்றே தீர்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

பெற்றோரோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர்கள், நகரத்தார் குடும்பங்களின் 'வேறு வைத்தல்' வழக்கத்தை எந்தச் சமூகத்தவரானாலும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். மகனுக்குக் கல்யாணமான சில காலத்தில் அதே வீட்டுக்குள் தனி அறையும் தனி அடுப்பும் தனிச் செலவுக் கணக்கும் கொடுத்துவிடுவார்கள். கூரையும் வளவும் விசேஷங்களும் பொது. நெடுங்காலம் தனியே சமைத்துப் பழகிய மருமகளும், தன் நேரத்துக்கு உண்டு பழகிய மாமியாரும் ஒரே அடுப்பில் உரசிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

விசேஷமும் துக்கமும்

வந்த முதல் மாதத்தில் விருந்துக்குப் போவதற்கு முன் துக்கம் கேட்கப் போங்கள். நீங்கள் இல்லாதபோது காலமானவர்கள் யார் யார் என்று அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதிக்கொண்டு, ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிலும் கால்மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வாருங்கள். எந்தக் கிழமையில் போகலாம், எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு மாறும். முன்கூட்டி ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கரையிலிருந்து தொலைபேசியில் விசாரித்தது இதற்கு ஈடாகாது. இந்த ஒன்றைச் செய்தவருக்கு மற்றக் குறைகள் பல மன்னிக்கப்படுகின்றன.

அடுத்தது மொய் நோட்டு. உங்கள் வீட்டில் நடந்த கடைசி விசேஷத்தின் நோட்டை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் வரிசையாக ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை. உங்களுக்குச் செய்தவர்களுக்கு நீங்கள் திருப்பிச் செய்துவிட்டீர்களா, எது நிலுவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உறவினர் வீட்டு நோட்டில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வாய்த்தால் பாருங்கள். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சிங்கப்பூர்' என்றோ 'துபாய்' என்றோ இருக்கும், தொகையும் அந்த ஊருக்கு ஏற்றதாக இருக்கும். அடுத்த விசேஷத்தில் எழுதுகிறவரிடம் உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தொகையையும் உள்ளூர் வருமானத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முதல் முறை இறக்கும்போது கூச்சமாக இருக்கும். ஆனால் சம்பளம் நின்றபின்னும் சிங்கப்பூர்க் கணக்கில் மொய் எழுதிச் சேமிப்பைக் கரைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிழக்கே கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் சம்பந்தம் உள்ளவர்கள் ஆடி மாத மொய் விருந்துக் கணக்கைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். அது உறவுமுறை மட்டுமன்று, திருப்பித் தர வேண்டிய கடனும்கூட.

தொகை குறைந்த இடத்தை ஆளால் நிரப்புங்கள். முதல்நாளே போய்ப் பந்தி பரிமாற நில்லுங்கள், வண்டி ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள், மொய் எழுதும் மேசையில் உட்காருங்கள். நகரத்தாராக இருந்தால் நகரக் கோயிலில் உங்கள் புள்ளி வரி (தம்பதியரை ஒரு புள்ளியாகக் கொண்டு வாங்கும் வரி) பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துக் கட்டிவிடுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தில் ஒருமுறை சேர்ந்து நடந்தால், ஓராண்டில் பழக முடியாத மனிதர்களோடு சில நாள்களில் பழகிவிடலாம்.

கணவனும் மனைவியும்

ஒருவர் மட்டும் வெளியே இருந்து திரும்பும் குடும்பங்களில் உரசல் வீட்டுக்குள்தான் தொடங்கும். பர்மாக் காலத்திலிருந்தே இங்கே வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள். பெட்டகச் சாவி அவர்கள் இடுப்பில்தான் இருந்தது. இன்றும் கணவர் வளைகுடாவில் இருக்க, வங்கிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைந்து, கொத்தனாரிடம் கூலி பேசி, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டவர் மனைவி. வந்த வாரமே மளிகைக் கணக்கைக் கேட்பதும், பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று சட்டம் போடுவதும் அவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆறு மாதம் நிர்வாகத்தை அவரிடமே விட்டுவிட்டு, அவர் கொடுக்கும் வேலையைச் செய்யுங்கள். மின்கட்டணம் கட்டுவது, பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போவது போன்ற சில பொறுப்புகளை முழுவதுமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் தாமும் வேலை பார்த்துத் திரும்பும் பெண்களின் பாடு வேறு. இரவு எட்டு மணிக்குத் தனியே நடந்துபோய்ப் பால் வாங்கியவருக்கு, இங்கே எங்கே போனாலும் துணைக்கு ஆள் என்பது மூச்சு முட்டும். வந்தவுடன் இருசக்கர வண்டியையோ காரையோ ஓட்டிப் பழகி, உரிமமும் எடுத்துக்கொள்வது எந்த ஆலோசனையையும்விடப் பயன்படும். பழைய இந்திய உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், புதுப்பிக்க மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள்

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஓ.சி.ஐ. உள்ளவர் இங்கே படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் வேளாண் நிலம் வாங்க முடியாது, வாக்களிக்க முடியாது. 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கைப்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். மருத்துவப் படிப்பை மனத்தில் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். தமிழில் பேசும் பிள்ளைக்கும் எழுதுவது தனி உழைப்பு. திரும்பும் முடிவு எடுத்த அன்றே எழுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளையை அழைத்துவருவது சிறு பிள்ளையை அழைத்துவருவதைவிடப் பல மடங்கு கடினம் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

உறவுமுறை அவர்களுக்கு இன்னொரு பாடம். எல்லோரையும் 'அங்கிள்', 'ஆண்டி' என்று அழைத்த பிள்ளை, ஒரே கல்யாண வீட்டில் பெரியப்பச்சி, சின்னாத்தா, அம்மான், அயித்தை, அப்பத்தா, ஆயா என்று நூறு பேரைப் பார்த்துத் திகைக்கும். விசேஷத்துக்கு முந்திய இரவு, கைப்பேசியில் படங்களைக் காட்டி, யார் யாரை எப்படி அழைப்பது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். பந்தியில் நிறுத்தி "இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்றோ "தமிழ் தெரியுமா?" என்றோ கேட்பவர்களிடமிருந்து பிள்ளையைச் சிரித்துக்கொண்டே அகற்றிவிடுவது பெற்றோரின் கடமை. மார்கழியை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பு போன்றவை, எந்த விளக்கமும் இல்லாமலேயே பிள்ளைகளை ஈர்த்துவிடும். திரிபோட்டு ஏற்றிய மாவை வாயில் போட்டுக்கொள்வது எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

வேலை

அங்கே பார்த்த அதே வேலை காரைக்குடியில் கிடைக்குமா என்று தேடுவது பெரும்பாலும் வீண். தொலைவிலிருந்து செய்யக்கூடிய வேலையாக இருந்தால், பழைய நிறுவனத்திடமே ஓராண்டுக்குக் கேட்டுப் பார்ப்பது முதல் வழி. திருச்சிக்கும் மதுரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மாதம் சிலமுறை போய்வரும் ஏற்பாடு நடைமுறையில் முடியும். சிங்கப்பூரில் பற்றவைப்பு, சாரம், பணித்தளப் பாதுகாப்பு ஆகியவற்றில் சான்றிதழ் பெற்றவர்கள், தாமே சிறு ஒப்பந்தக்காரராக ஆவதற்குமுன் உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஆறு மாதம் இருந்து பார்ப்பது நல்லது. பொருள் எங்கே கடனுக்குக் கிடைக்கும், எந்த வாடிக்கையாளர் பாக்கியை இழுப்பார் என்பதெல்லாம் சான்றிதழில் இராது.

ஊரின் பேர் இன்று சந்தையில் விலைபோகிறது என்பது உண்மைதான். பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன, கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது, சீப்புச் சீடையும் தேன்குழலும் மணகோலமும் கடல் கடந்து போகின்றன. ஆனால் உணவகம் திறப்பதுதான் திரும்பியவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனையாக இருக்கிறது. சமையல்காரர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடையை மூட வேண்டிய நிலையில் இருப்பவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. எதைத் தொடங்கினாலும் சேமிப்பில் கால்பங்குக்கு மேல் போடாதீர்கள். கடனுதவி, மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

"அங்கேயெல்லாம் இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை வீட்டுக்கு வெளியே சொல்லாமலிருக்கப் பழகுங்கள். அரசு அலுவலகத்தில் சொன்னால் காரியம் தாமதமாகும், தொழிலாளியிடம் சொன்னால் அவர் மறுநாள் வரமாட்டார்.

திரும்பிப் போகும் வழி

எல்லாம் செய்தும் ஒத்துவராமல் மறுபடி போகிறவர்கள் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை போய்வந்த ஊரில் அது அவமானம் ஆகாது. அந்த வழியை எவ்வளவு காலம் திறந்துவைக்கலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அமீரகக் குடியிருப்பு விசாக்கள், தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் செல்லாதவையாகும். பிரிட்டனின் நிலையான குடியிருப்பு உரிமை இரண்டாண்டுத் தொடர் இன்மையில் இழக்கப்படுகிறது. சிங்கப்பூர் நிரந்தரவாசிக்கு மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பச்சை அட்டை வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்குவதாக இருந்தால் மறுநுழைவு அனுமதி பெற வேண்டும். அது இரண்டாண்டு வரை செல்லும். அதற்கான விண்ணப்பத்தை அந்நாட்டில் இருக்கும்போதே கொடுக்க வேண்டியிருப்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.